கடிக்கிற ஆண் முயலை என்ன செய்வது? கேள்வி பதில்

கொடைக்கானல் மலையடிவாரத்தில் 12 வருடமாக முயல் வளர்க்கிறேன். முதல் குட்டிகளை மலைமேல் மன்னவனூரில் இருக்கிற ஆடு, முயல் ஆராய்ச்சி மையத்தில் வாங்கினேன். வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா என்ற இரண்டு இனமும் அங்கிருந்து வந்தவைதான். இப்போது 40 தாய் முயல்கள், 5 ஆண்கள். ஆண் முயலின் கோபத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

பல்லடத்திலிருந்து: அக்கா, என் வெள்ளை ஜெயன்ட் ஆணுக்கு 9 மாதம். தீவனம் வைக்கக் கையை விட்டாலே உறுமிக்கொண்டு பாய்கிறது. நேற்று ஆள்காட்டி விரலில் பல் இறங்கிவிட்டது.

முதலில் விரலைப் பாருங்கள் தம்பி. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். முயல் பல் ஒடுக்கமாக ஆழத்தில் இறங்கும். மேல்தோல் மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டும். டெட்டனஸ் தடுப்பு (டி.டி.) ஊசி போட்டு எத்தனை வருடம் ஆனது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

இனி முயல் விஷயம். கூண்டு அதன் வீடு. 5, 6 மாதத்தில் பருவத்துக்கு வந்ததும் அந்த இடத்தைக் காவல் காக்க ஆரம்பித்துவிடும். இன்னொன்று, முயலுக்குப் பக்கவாட்டில் நன்றாகத் தெரியும், மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது தெரியாது. நாம் நேராக மூக்குக்கு முன்னால் கையை நீட்டுகிறோம். அதற்கு என்னவோ திடீரென்று முளைத்த மாதிரி இருக்கும், கடித்துவிடும்.

கூண்டுக்கு வெளியிலிருந்தே கொட்டுகிற தகரத் தீவனப் பெட்டி ஒன்று மாட்டுங்கள். கை உள்ளே போகிற வேலை பாதி குறைந்துவிடும். போகத்தான் வேண்டும் என்றால், பக்கவாட்டில் மேலாகக் கொண்டுபோய், காதுகளுக்கு நடுவே உள்ளங்கையை வைத்து, தலையை மெதுவாகத் தாழ்த்திப் பிடியுங்கள். ஏழெட்டு நொடியில் உடம்பு தளர்ந்து பதுங்கும். அப்புறம் வேலையைப் பாருங்கள். பாய்ந்ததும் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். பாய்ந்தால் கை ஓடிவிடும் என்று அது கற்றுக்கொள்ளும். பழகும் வரை வெல்டிங் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு ஆணைத் தொட்ட கையைக் கழுவாமல் இதனிடம் போகாதீர்கள். அந்த வாசனை ஒன்றே போதும் அதற்கு. அடிக்கவே வேண்டாம், அடி வாங்கின முயல் அடங்கி நான் பார்த்ததில்லை.

நாமக்கல்லிலிருந்து: இணை சேர்க்க விட்டால் ஆண் விரட்டி விரட்டிப் பெண்ணின் முடியைப் பிடுங்குகிறது. பெண்ணுக்குக் கழுத்தில் புண்ணே வந்துவிட்டது. எந்தக் கூண்டில் விடுவது சரி?

எப்போதும் பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆணைப் பெண்ணின் கூண்டில் விட்டால், அவள் தன் இடத்துக்காகச் சண்டை போடுவாள். ஆணுக்கு விதையில் கடி விழுந்து, அதோடு இனவிருத்திக்கு உதவாமல் போனதும் உண்டு.

ஏறும்போது பிடரி முடியைக் கவ்வுவது இயல்பு. நான்கைந்து முடி உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். புண் வருகிறது என்றால் பெரும்பாலும் பெண் தயாராக இல்லை. விடுவதற்கு முன் அவளுடைய பிறப்புறுப்பைப் பாருங்கள். சிவந்து ஈரமாக இருந்தால் சரி. வெளுத்து உலர்ந்திருந்தால் அவள் ஓடுவாள், அவன் கடிப்பான். அப்படியானால் இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் அங்கே பொருக்குத் தட்டிய புண் இருந்தால் சேர்க்கவே சேர்க்காதீர்கள், ஒன்றிலிருந்து மற்றதற்குப் பரவும்.

பெண் இசைந்தால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆண் ஒரு சின்னச் சத்தத்தோடு பக்கவாட்டில் சரிந்து விழும். அதுதான் அடையாளம். ஐந்து நிமிடத்தில் நடக்கவில்லை என்றால் பெண்ணை எடுத்துவிடுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். ராத்திரி முழுக்க ஒன்றாக விட்டுவைப்பதுதான் நான் கேள்விப்படுகிற காயங்களில் பாதிக்குக் காரணம்.

தேனியிலிருந்து: ஒரே தாயின் இரண்டு ஆண் குட்டிகள். பிறந்ததிலிருந்து ஒன்றாக இருக்கின்றன. பிரிக்க வேண்டுமா?

பிரித்துவிடுங்கள், இன்றைக்கே. நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் வருடம் கூண்டு பற்றாமல் அண்ணன் தம்பி இரண்டையும் நான்கு மாதம் வரை ஒன்றாக வைத்திருந்தேன். ஒன்றையொன்று நக்கிக்கொண்டு, ஒரே கிண்ணத்தில் தின்றுகொண்டு இருந்தன. ஒரு நாள் விடியற்காலையில் போனால் கூண்டுக் கம்பியெல்லாம் வெள்ளை முடி. கீழே தகரத்தில் ரத்தத் துளிகள். ஒன்று மூலையில் முதுகைக் கூனி உட்கார்ந்திருந்தது, வால் பக்கம் தூக்கிப் பார்த்தேன், விதைப்பை கிழிந்து தொங்குகிறது. மற்றது பக்கத்தில் அமைதியாக அகத்திக்கீரை தின்றுகொண்டிருந்தது. முழுக்க என் தப்புதான். அந்த முயல் பிழைத்தது, ஆனால் அதனால் குட்டி இல்லை.

தாயிடமிருந்து 5, 6 வாரத்தில் பிரிக்கிறோம் அல்லவா, அதிலிருந்து 10, 12 வாரம் வரை குட்டிகள் ஒன்றாக இருக்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு ஆணுக்கும் தனிக் கூண்டு. அடுத்தடுத்த கூண்டில் இரண்டு ஆண்களை வைத்தால் நடுவில் ஒரு பலகையாவது தகரமாவது வையுங்கள். கம்பி வழியாகவே மூக்கைக் கடித்துவிடும்.

காயம் பட்டுவிட்டால் உப்புத் தண்ணீரில் கழுவி பொவிடோன் அயோடின் வைத்து, ஈ மொய்க்காமல் பார்த்துக்கொண்டு, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் மீதி கிடக்கிற அமாக்சிசிலின் மாத்திரையைக் கரைத்து வாயில் ஊற்றாதீர்கள். முயலின் குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் செத்து, கழிச்சல் கண்டு முயலே போய்விடும்.

கரூரிலிருந்து: என்னிடம் இருப்பது இரண்டும் பெண் என்றுதான் கொடுத்தார்கள். ஆனால் ஒன்று ஓயாமல் மற்றதன் மேல் ஏறிக் கடிக்கிறது.

பெண் முயல்களும் ஏறும், கடிக்கும். ஆனால் முதலில் மல்லாத்திப் பிடித்து, இரண்டு விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். சின்னக் குழல் மாதிரி வெளியே வந்தால் ஆண், பிளவு மாதிரி இருந்தால் பெண். சின்னக் குட்டியில் தவறாகச் சொல்வது சகஜம்.

ஈரோட்டிலிருந்து: இரண்டு வருடமாகச் சாதுவாக இருந்த ஆண் போன மாதத்திலிருந்து தொட்டாலே கடிக்கிறது.

சாது திடீரென்று கடித்தால் அதற்கு எங்கேயோ வலிக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். காதைத் திறந்து பாருங்கள், உள்ளே பழுப்பு நிறப் பொருக்கு அடுக்கடுக்காக இருந்தால் காதுச் சொறி. பொருக்கைப் பிய்க்காதீர்கள், ரத்தம் வரும், மருத்துவர் போடும் ஊசியில் தானாக உதிரும். பின்னங்கால் பாதத்தில் முடி போய்ப் புண்ணாகியிருக்கிறதா பாருங்கள். கம்பித் தரையில் கனமான ஆண்களுக்கு இது நிறைய வரும். ஒரு மரப்பலகை போட்டாலே ஆறுதலாக இருக்கும். முன்பல் வளைந்து வளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பிட்டத்துக்கு அடியில். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. திமிறி உதைத்தால் முதுகெலும்பு முறிந்துவிடும்.

திருச்சியிலிருந்து: சித்திரை வெயிலில் ஆண் ஏறவே மாட்டேன் என்கிறது, பெண்ணைக் கடித்து விரட்டுகிறது.

வெயில்தான். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் விந்தும் கெடும், ஆசையும் போகும். இணை சேர்க்கும் வேளையை விடியற்காலைக்கு மாற்றுங்கள். கொட்டகையைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுங்கள், கூண்டில் ஐஸ் பாட்டில் வையுங்கள். வெயில் தணிந்தபின் சினை பிடிக்கவில்லை என்றாலும் உடனே ஆணைக் கழித்துவிடாதீர்கள். புது விந்து உருவாகச் சுமார் இரண்டு மாதம் ஆகும்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து: கறிக்கு வளர்க்கும் ஆண்களுக்கு விதை நீக்கினால் சண்டை நிற்குமா?

பெரும்பாலும் நிற்கும், ஆனால் தேவையில்லை. 12 வாரத்தில் 2 கிலோ அளவில் கறிக்குப் போய்விடும். சண்டை ஆரம்பிக்கும் வயதும் அதற்கு அப்புறம்தான்.

பொள்ளாச்சியிலிருந்து: என் ஆண் நாலரைக் கிலோ. குட்டிகள் நல்ல எடை. ஆனால் கூண்டைத் திறந்தாலே கடி. நீங்கள் சொன்னதெல்லாம் மூன்று மாதம் செய்து பார்த்துவிட்டேன். வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் அண்ணா. எடையைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் குணமும் ஓரளவு ரத்தத்தில் இறங்குகிறது. ஒரு ஆணை 8, 10 பெண்களுக்கு விடுகிறோம். ஒரு வருடத்தில் நம் கொட்டகையில் எங்கே பார்த்தாலும் அதன் பிள்ளைகள்தான். என்னுடைய சின்சில்லா ஆண் ஒன்று இதே மாதிரி. அதன் மகள்கள் மூன்று, குட்டி போட்ட பெட்டியைப் பார்க்கக்கூட விடவில்லை. உள்ளே செத்த குட்டி கிடந்தும் எடுக்க முடியாமல் மீதிக் குட்டிகளும் போயின. அதிலிருந்து நான் ஆணைத் தேர்ந்தெடுக்கும்போது தராசில் வைப்பதற்கு முன்னால் என் மகளைக் கூண்டுக்குள் கை விடச் சொல்வேன். நுகர்ந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தால் அதுதான் கொட்டகையில் நிற்கும்.

நோயும் வலியும் இல்லை, கூண்டும் சரி, பழக்கியும் பார்த்தாகிவிட்டது, அப்படியும் கடிக்கிறது என்றால் கழித்துவிடுங்கள். இனவிருத்திக்கு என்று இன்னொருவருக்கு மட்டும் விற்காதீர்கள். அங்கே ஒரு குழந்தை கை விடும்.

அவரே: அதன் கறி சாப்பிட நன்றாக இருக்குமா?

இருக்கும், கொஞ்சம் முறுக்காக இருக்கும். முந்தின ராத்திரியே தயிரும் மஞ்சளும் பிசறி வைத்துவிடுங்கள். இளங்குட்டிக் கறிக்கு வைப்பதைவிட குக்கரில் இன்னும் நான்கு விசில் விடுங்கள்.