ஓய்வுக்கு 2 வருடம் இருக்கும்போது மருத்துவக் காப்புறுதி எடுக்கலாமா?

58 வயது, தோட்டத்து ஆபீஸ் வேலை, பிரஷருக்கு கிளினிக் போகிறேன், வாரம் ஒரு ஏஜென்ட் வாசலில் நிற்கிறார், எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் ஹட்டன் பக்கம் தோட்டத்து ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன்தான். ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 ஆனால் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுக்கலாம். அந்தத் தேதி நமக்கு மறந்தாலும் ஏஜென்ட்மாருக்கு மறக்காது. என்னிடம் வந்தவர் மச்சானின் கூட்டாளி. தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்த ஆளிடம் எப்படி வேண்டாம் என்பது? “கட்டுற காசு போனஸோட திரும்பி வரும் அண்ணே” என்றார். கையெழுத்துப் போட்டேன்.

அது ஆயுள் காப்புறுதி. ஆஸ்பத்திரிச் செலவு அதில் ஒட்டுத் துண்டு. மனைவிக்குக் கண்ணில் படலம் என்று கண்டியில் தனியார் ஆஸ்பத்திரியில் ஒபரேஷன் செய்தோம். காலையில் போய் மாலையே வீடு திரும்பியாயிற்று. ஒரு இரவாவது தங்கியிருக்க வேண்டும் என்று சொல்லிக் காசு தரவில்லை. பொலிஸியில் அப்படித்தான் இருந்தது, வாசிக்காதது என் பிழை. அன்று உட்கார்ந்து முழுவதையும் வாசித்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது: ஆஸ்பத்திரிப் பகுதி 65 வயதோடு முடிகிறது. வருத்தம் வரத் தொடங்கும் வயதில் குடையை மடக்கி வைக்கிறார்கள்!

அதனால் போனஸ் கதையை விட்டுவிட்டு முதலில் இதைக் கேளுங்கள்: எத்தனை வயது வரை புதுப்பிப்பீர்கள், 65இல், 70இல் கட்டணம் எவ்வளவு ஆகும்? எழுத்தில் வாங்குங்கள். கண்டியில் எந்த ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் காசு கட்டுவார்கள் என்றும் கேளுங்கள். கொழும்புப் பட்டியல் நமக்கு எதற்கு, போய்ச் சேரவே அரைநாள்.

பிரஷரை மறைக்காதீர்கள். “அதெல்லாம் எழுதத் தேவையில்லை” என்று ஏஜென்ட் சொல்வார். நாளைக்கு கிளெய்ம் போடும்போது கிளினிக் கொப்பியைக் கேட்பார்கள். முதல் குளிசை எழுதிய தேதி அதில் இருக்கும், ஏஜென்ட் இருக்க மாட்டார்.

சரி, எடுக்கத்தான் வேண்டுமா? டிக்கோயா, நுவரெலியா, கண்டி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸும் இலவசம். நம் காசு கரைவது வெளியே எடுக்கும் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, வேன் வாடகை, கூட நிற்பவரின் சாப்பாடு என்று. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பார்மசியில் கொடுத்தது தனிக் கணக்கு. படுக்கையில் அனுமதித்தால் மட்டும் தரும் பொலிஸி இதில் ஒன்றுக்கும் உதவாது. நான் ஈ.பி.எப். காசில் ஒரு பகுதியை மருத்துவத்துக்கென்றே வங்கியில் வேறாகப் போட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கேட்டாலும் தொடுவதில்லை. (மகள் கல்யாணத்துக்கு ஒருமுறை தொட்டேன், அது வேறு.)

வீட்டம்மா அரசாங்க டீச்சர் என்றால் அரச ஊழியருக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதியை விசாரியுங்கள், ஓய்வூதியம் பெறுவோருக்கும் அதில் திட்டம் உண்டு. உங்கள் கம்பனியின் குழுக் காப்புறுதி ஓய்வு பெறும் நாளோடு நின்றுவிடுமா என்று ஆபீஸில் கேட்டு வையுங்கள்.

ஏற்கெனவே ஏதாவது ஆயுள் பொலிஸியில் கையெழுத்துப் போட்டிருந்தால், அது கைக்கு வந்து 21 நாள் ஆகவில்லையென்றால், வேண்டாம் என்று எழுத்தில் திருப்பிக் கொடுக்கலாம். அப்புறம், கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்டதாகச் சீல் வாங்காமல் வராதீர்கள்.