காருக்கு மேலே கேமரா ஏது?

கேள்வி: போன மாதம் என் காருக்கு 360 டிகிரி கேமரா மாட்டினேன். மேலிருந்து பார்க்கிற மாதிரி அழகாகத்தான் தெரிகிறது. ஆனால் பார்க்கிங் கோடு காரின் மூலைக்கு வந்ததும் ஒடிந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி ஆரம்பிக்கிறது. "எல்லாத்துலயும் அப்படித்தான் சார்" என்கிறார் மாட்டியவர். நிஜமா?

பதில்: நூல் பிடித்த மாதிரி எதிலும் வராது. அதற்காக, பார்த்ததும் உறுத்துகிற அளவு கோடு ஒடியவும் கூடாது. அவர் வேலையைப் பாதியில் விட்டிருக்கிறார். காருக்கு மேலே கேமரா ஏது? முன்னால் கிரில்லில் ஒன்று, பின்னால் நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒன்று, இரண்டு சைடு மிரருக்கு அடியிலும் ஒவ்வொன்று. நான்கும் ஏறக்குறைய 180 டிகிரி பார்க்கிற மீன்கண் லென்ஸ். அந்த வளைந்த படங்களை நிமிர்த்தி, தரையில் விரித்து, மூலைகளில் ஒட்டுப்போடுகிறது உள்ளே இருக்கும் பெட்டி. எந்தக் கேமரா எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் இருக்கிறது என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பதுதான் காலிப்ரேஷன். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணிகளை வண்டியைச் சுற்றி விரித்துச் செய்வார்கள். தரை மட்டமாக இருக்க வேண்டும், துணி மேல் நிழல் விழக்கூடாது. ஒரு முறை நான் பக்கத்தில் நின்று பார்த்தபோது துணியின் ஒரு முனை காற்றில் மடங்கிக் கிடந்தது. அதை நீவிவிட்டுக் காலிப்ரேஷனை மறுபடி செய்ததும், அதுவரை ஒடிந்திருந்த இடது பக்கக் கோடு ஒட்டிக்கொண்டது. வண்டியை எடுத்துப்போய்த் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். மிரரைக் கழற்றி மாட்டினாலோ, டயர் அளவை மாற்றினாலோ இதே வேலை மறுபடி உண்டு.

கோடு சேர்ந்துவிட்டது என்று முழுசாக நம்பியும் விடாதீர்கள். அந்தப் பெட்டிக்கு உலகமே தட்டைத் தரைதான். நிற்கிற கம்பம் படுத்துக் கிடக்கிற மாதிரி நீளமாகத் தெரியும். பரவாயில்லை, அதன் அடி சரியான இடத்தில்தான் இருக்கும். லாரியின் பின்பக்கம் மாதிரி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து, இருப்பதைவிடத் தள்ளி இருப்பதாகக் காட்டும். அங்கே தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: மாட்டும்போது ஒயரை வெட்டுவார்களா? மிரரில் ஓட்டை போடுவார்களா?

பதில்: ஒயரை வெட்ட விடாதீர்கள், வாரண்டி தகராறு அங்கேதான் ஆரம்பிக்கும். உங்கள் மாடலுக்கான கப்ளரோடு, அதாவது வெட்டாமல் அப்படியே செருகுகிற இணைப்போடு வருகிற கிட் கேளுங்கள். ஓட்டை பெரும்பாலும் தவிர்க்க முடியாது. மிரரின் கீழ் மூடியைத் தனியாக வாங்கி அதில் போடச் சொல்லிவிட்டு, ஒரிஜினலைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம், சைடு கேமரா ஒயர் கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கிற ரப்பர் குழாய்க்குள்ளேதான் போக வேண்டும். வெளியே விட்டால் கதவு மூடும் ஒவ்வொரு தடவையும் நசுங்கும். கதவை முழுசாகத் திறந்து, மிரரை மடக்கி விரித்து, படம் துடிக்காமல் இருக்கிறதா பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. கேமராதான் காரணமா?

பதில்: நிறுத்திய பிறகும் ரெக்கார்டிங் ஓடுகிறதா பாருங்கள். முதலில் அதை அணைத்துவிட்டு இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். ரெக்கார்டிங் வேண்டும் என்றால், பேட்டரி ஓர் அளவுக்கு இறங்கியதும் அதைத் தானே நிறுத்துகிற வோல்டேஜ் கட்ஆஃப் செட்டிங்கை 12 வோல்ட் பக்கம் வையுங்கள். முழு சார்ஜில் சும்மா நிற்கிற பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். அணைத்தும் இறங்கினால், பெட்டியின் மின்சார ஒயரைச் சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிற லைனில் கொடுக்காமல் நேராக பேட்டரி லைனில் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள்.