தூளிப் புடவையில் பாச்சா உருண்டை

கேள்வி: மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். தூளி கட்டவும் குழந்தையைச் சுற்றவும் பழைய நூல் புடவைகளைப் பாச்சா உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருந்தேன். இப்போது திறந்தால் உருண்டைகள் மிளகளவு ஆகிவிட்டன, வாசம் மட்டும் ஆளைத் தூக்குகிறது. உருண்டை எங்கே போனது? நன்றாக அலசிவிட்டால் போதுமா?
- வாசகி, ஆரணி

பதில்: போதாதம்மா. உருண்டை எங்கும் போகவில்லை, உங்கள் புடவையில்தான் பாதி இருக்கிறது.

அது நாப்தலின். நிலக்கரித் தாரிலிருந்து எடுப்பது. பத்துக் கார்பன், எட்டு ஹைட்ரஜன் என்று அதன் கணக்கை 1826-லேயே சொன்னவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தோடு மட்டும் அவர் பெயரைச் சேர்த்துப் படித்துவிட்டோம்! உருகுவதற்கு 80 டிகிரி சூடு வேண்டும். ஆனால் உருகாமலே, சாதாரண அறைச் சூட்டில், திடப்பொருள் நேரே ஆவியாகும். நான் வேலை பார்த்த பள்ளி ஆய்வகத்தில் நாப்தலின் புட்டியைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் அபிரகம் போல மெல்லிய படிகங்கள் ஒட்டியிருக்கும். கீழே கிளம்பிய ஆவி மேலே போய் மறுபடி படிந்தது அது. உங்கள் பெட்டிக்குள் அதே வேலைதான் நடந்திருக்கிறது.

தண்ணீரில் இது கரைவது லிட்டருக்கு சுமார் 30 மில்லிகிராம்தான். அதனால் அலசுவதைவிட வெயிலும் காற்றும் நன்றாக வேலை செய்யும். ஆனால் எண்ணெயில் சுலபமாகக் கரையும். கவலை இங்கேதான். பிள்ளைக்கு எண்ணெய் தடவி, இந்தப் புடவையில் சுற்றினால், தோல் வழியாக உள்ளே போக நாமே வழி போட்டுக் கொடுத்த மாதிரி. உடம்புக்குள் போன நாப்தலின் சிவப்பணுக்களை உடைக்கும். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, மஞ்சள் காமாலை மூளையைப் பாதிக்கும் அளவுக்கு ஏறலாம். பிறந்த பிள்ளைக்கு அந்தக் குறை உண்டா என்பது வெறும் கண்ணால் பார்த்தால் தெரியாது. அதனால் அந்தப் புடவைகளை விட்டுவிடுங்கள். நீங்கள் இப்போது உடுத்தித் துவைத்துக்கொண்டிருக்கும் புடவையே தூளிக்கு நல்லது.

இன்னொன்று. துவைத்து வைத்த நூல் புடவையை அந்து சீண்டாது. அந்துப் புழுவுக்கு வேண்டியது கம்பளியும் பட்டும். கஞ்சி போட்ட துணிக்கு ராமபாணப் பூச்சி வரும், அதற்குக் கஞ்சி இல்லாமல் மடித்தாலே போதும். பட்டுக்கு உருண்டை போட்டே ஆகவேண்டும் என்றால் துணியில் முடிந்து, காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். ஆவி அடைபட்டு நின்றால்தான் பூச்சி சாகும். திறந்த அலமாரியில் போட்டால் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது, நாம்தான் சுவாசிப்போம். வாஷ்பேசினில் போடுவது அதைவிட வீண். கிருமி சாகாது, நாற்றத்தை வேறு வாசம் மூடும், அவ்வளவுதான்.

கேள்வி: கடையில் வாங்கிய வெள்ளை உருண்டைப் பொட்டலத்தில் பெயரே இல்லை. கற்பூரமா, பாச்சா உருண்டையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பேரன் மிட்டாய் என்று எடுத்துவிடுகிறான்.
- வாசகர், தேனி

பதில்: தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் கற்பூரம். மூழ்கினால், இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரில் போடுங்கள். அதில் மிதந்தால் நாப்தலின். அதிலும் மூழ்கினால் பாரா டைகுளோரோ பென்சீன், கழிப்பறை வில்லைகளில் இருப்பது. பார்த்த பிறகு அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

எதுவானாலும் பேரனுக்கு எட்டக் கூடாது, கற்பூரமும் சேர்த்துத்தான். விழுங்கிவிட்டான் என்றால் பால் கொடுக்காதீர்கள். பாலில் உள்ள கொழுப்பு நாப்தலினைக் கரைத்து ரத்தத்தில் சீக்கிரம் சேர்க்கும். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். அன்றைக்குச் சும்மா விளையாடிக்கொண்டிருந்தாலும் போகத்தான் வேண்டும், ஏனென்றால் சிவப்பணு உடைந்து சிறுநீர் கறுத்துப் போவது இரண்டு மூன்று நாள் கழித்துக்கூடத் தெரியவரும்.