வாத்தியார் பேச்சு கோட்டைக்கு எட்டுமா? கேளுங்க, சொல்லுதேன்

அம்பாசமுத்திரம் பக்கம் 31 வருசம் தொடக்கப்பள்ளில வேல பாத்து ரிட்டயர் ஆனவன். கல்விக் கொள்கைல ஆசிரியருக்கு என்ன எடம்னு நெறைய பேரு கேட்டிருக்கிய, தெரிஞ்சத சொல்லுதேன்.

கேள்வி (பாளையங்கோட்டை, பிஎட் மாணவர்): அண்ணாச்சி, கொள்கை முடிவு பண்ற எடத்துல ஆசிரியருக்குன்னு சீட் இருந்துச்சா?

பதில்: இருந்துச்சு தம்பி. அரசியல் சட்டம் 171-வது பிரிவுப்படி சட்ட மேலவைல (சட்டசபை போக மாநிலத்துல இருந்த இன்னொரு சபை) பன்னெண்டுல ஒரு பங்கு ஆசிரியர் தொகுதி, ஆனா உயர்நிலைப்பள்ளியும் அதுக்கு மேலயும் வேல பாக்கவங்களுக்குத்தான் ஓட்டு, ஒன்னாப்பு வாத்தியாருக்கு அப்பவும் கெடையாது. 1986-ல நம்ம மேலவையவே கலைச்சாச்சு. கர்நாடகால இன்னும் இருக்கு.

கேள்வி (வி.கே.புரம் டீச்சர்): சார், எல்லாம் முடிவு பண்ணிட்டுதான நமக்கு ட்ரெயினிங் போடுதாவ?

பதில்: பாதி உண்மம்மா. 2022-ல நீதிபதி முருகேசன் குழு போட்டு ஆசிரியர்கள்ட்டயும் கருத்து கேட்டாவ, 2025 ஆகஸ்ட்ல மாநிலக் கல்விக் கொள்கை வந்துச்சு. ஆனா அன்னாட வகுப்புல நடக்கது யாருக்குப் போவுது? சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் பழக்குத ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-ல வந்தப்போ, படிக்க நெலமைய வச்சு அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைகளப் பிரிச்சது எனக்குப் பிடிச்சுது, தேங்கிக் கெடந்த பிள்ளைக்கு அது பெரிய விசயம். மதிப்பீட்ட செல்போன்ல ஏத்தணும்னாவ பாருங்க, அங்கதான் செரமம். எங்க பள்ளில தண்ணித் தொட்டிகிட்ட போனாத்தான் சிக்னல், டீச்சர் வெயில்ல போன தூக்கிப் பிடிச்சிட்டு நிக்காவ, உள்ள ஒரு பய ‘ழ’ பாதி எழுதிட்டு சிலேட்டோட வாசலயே பாத்துட்டு இருக்கான். எனக்கு வயிறு எரிஞ்சுது. “ஆப் கஷ்டமா இருக்கு”ன்னு பொதுவா பொலம்பாதிய. எந்தத் தேதி, எத்தன நிமிசம் போச்சு, எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம் விட்டுச்சுன்னு எழுதி, குறுவள மையக் கூட்டத்துல (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்லாம் கூடுத எடம்) வாசிச்சு பதிவு பண்ணச் சொல்லுங்க.

கேள்வி (முக்கூடல், பீடி சுத்துற அம்மா): சங்கம்னா சம்பளத்துக்குத்தான் போராடுதாவ, எம்புள்ள படிப்புக்கு யாரு பேசுதா?

பதில்: நீங்க கேட்டது நியாயம் தாயி, சங்கத்துல இருந்தவன்தான் சொல்லுதேன், பாடத்துக்காகவும் அதே வேகத்துல பேசியிருக்கணும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுல முக்கால்வாசி பேரு பெத்தவங்கதான். டீச்சர் எழுதுனதக் கூட்டத்துல தீர்மானமாப் போடச் சொல்லுங்க. நோட்டுல நீட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்துராதிய, வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க.