நாத்தனாரின் பழைய கட்டிலை வாங்கிக்கொள்ளுங்கள். கார் சீட்டுக்கு முன் மூன்று கேள்விகள்

கேள்வி: எனக்கு இது ஏழாம் மாதம், முதல் குழந்தை. கடையில் கொடுத்த பட்டியலில் எழுபதுக்கும் மேல் பொருட்கள் இருக்கின்றன. 'இயற்கையானது' என்று அச்சிட்டவை எல்லாம் மற்றதைப்போல இரண்டு மடங்கு விலை. சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் குழந்தையை வளர்க்க ஆசை, ஆனால் எங்கள் சம்பளம் அளவானது. நாத்தனார் தன் குழந்தையின் துணிமணி, கட்டில், காரில் குழந்தையை உட்காரவைத்துக் கட்டும் கார் சீட் எல்லாவற்றையும் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? துணி டயப்பர் உண்மையிலேயே நல்லதா?

பதில்: முதலில் அந்தப் பட்டியலை மடித்து உள்ளே வையுங்கள். அது உங்கள் குழந்தைக்காக எழுதியது இல்லை, கடையின் இருப்பைக் காலி செய்ய எழுதியது. பிறந்த குழந்தைக்கு வேண்டியது பால், படுக்க ஒரு கெட்டியான மெத்தை, மாற்றுத்துணி, டயப்பர், காரில் போவதாக இருந்தால் கார் சீட். மற்றதைக் குழந்தை பிறந்த பிறகு, தேவை வரும்போது வாங்கினால் போதும்.

நாத்தனார் தரும் துணிகளை யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையின் எடை ஐந்தாம் மாத வாக்கில் பிறந்த எடையைப்போல இரண்டு மடங்காகிவிடும், ஒரு வயதில் மூன்று மடங்கு. முதல் அளவுச் சட்டைகள் சில வாரங்களுக்குத்தான் வரும். பலமுறை துவைத்த துணியில், சுருக்கம் விழாமலிருக்கப் புதுத்துணியில் ஏற்றும் ரசாயனமும் பெரும்பாலும் போயிருக்கும். ஏற்கெனவே இருக்கும் சட்டையைவிடச் சுற்றுச்சூழலுக்கு நல்ல சட்டையை எந்தக் கம்பெனியும் தயாரிக்க முடியாது.

கட்டிலும் சரிதான், அளந்து பார்த்துவிட்டால். கம்பிகளுக்கு இடையில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக்கூடாது. பக்கவாட்டுச் சட்டம் மேலும் கீழும் இறங்கும் மாதிரி என்றால் வேண்டாம். குழந்தைகள் அதில் சிக்கி இறந்ததால் அமெரிக்காவில் 2011-லேயே அதன் விற்பனையைத் தடை செய்தார்கள். கட்டிலோடு வரும் தலையணை, ஓரங்களில் கட்டும் பஞ்சுத் தடுப்பு இரண்டையும் எடுத்து அப்புறப்படுத்துங்கள். ஒரு வயது வரை குழந்தை வெறும் மெத்தையில் மல்லாந்துதான் தூங்க வேண்டும்.

கார் சீட்டுக்கு வருகிறேன். முன்பின் தெரியாதவர்கள் விற்கும் பழைய கார் சீட்டை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தொடாதீர்கள். ஒருமுறை மோதலில் அடிபட்ட சீட்டின் உட்பக்க நுரையில் விரிசல் விழுந்திருக்கும், மேல்துணி புத்தம் புதிதாகத் தெரியும். விற்பவர் 'லேசா ஒரு இடி' என்றுகூடச் சொல்ல மாட்டார். இடைத்தரகர்கள் வேலையே அதுதான்: துணியைத் துவைத்து, வாசனை அடித்து, படம் எடுத்துப் போடுவது. இந்த வியாபாரத்தைக் கேட்பாரில்லை.

உங்கள் நாத்தனார் விஷயம் வேறு. அவர் பொய் சொல்ல மாட்டார், எனவே அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு முடிவு செய்யலாம். ஒன்று, அதைப் புதிதாக வாங்கியது அவரேதானா? அவருக்கும் அது வேறு யாரிடமிருந்தாவது வந்தது என்றால் வேண்டாம். இரண்டு, அந்தச் சீட் பொருத்தியிருந்தபோது வண்டி எதிலாவது மோதியதா? குழந்தை இல்லாமல் காலியாக இருந்த நேரத்து மோதலும் கணக்குதான். மூன்று, குழந்தையைக் கட்டும் வாரை எதில் கழுவினார்? பிளீச் போன்ற காரமான திரவத்தில் ஊறிய வாருக்குப் பலம் குறையும். இந்த மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் சீட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கத்தில் அல்லது முதுகுப் பக்கத்தில் தயாரித்த தேதி பொறித்திருக்கும். பல மாடல்களில் அது பிளாஸ்டிக்கிலேயே பதித்த ஒரு சிறு வட்டம்: நடுவில் வருடத்தின் இரண்டு இலக்கம், சுற்றி மாதங்கள், ஒரு அம்புக்குறி. டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டியிருக்கும். குழந்தையின் உயிர் சார்ந்த தேதியை இவ்வளவு ஒளித்து வைக்க அனுமதிப்பவர்களை என்ன சொல்வது! பொதுவாக ஆயுள் ஆறு முதல் பத்து வருடம், சரியான கணக்கு கையேட்டில் இருக்கும். தேதி தாண்டியிருந்தால் வாரைக் கத்தரித்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள். இல்லையென்றால் வேறு யாராவது எடுத்துப் பயன்படுத்துவார்கள்.

அடுத்து அந்த இரண்டு மடங்கு விலை. 'இயற்கை', 'பசுமை', 'மென்மையானது' என்ற சொற்களை யார் வேண்டுமானாலும் அட்டையில் அச்சிடலாம், பெரும்பாலும் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. 'மூங்கில் துணி' என்பது பெரும்பாலும் மூங்கிலை ரசாயனத்தில் கரைத்து இழுத்த ரேயான். இந்தப் பெயர் ஏமாற்று வேலை என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2009-லேயே சில நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்தது, ஆனாலும் பெயர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நம்பி வாங்கக்கூடிய முத்திரைகள் சில உண்டு. ஆர்கானிக் துணிக்கான சர்வதேச முத்திரையான ஜி.ஓ.டி.எஸ்.-ல் 'ஆர்கானிக்' என்று இருந்தால் இழையில் 95 சதவீதமாவது இயற்கை விவசாயத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 முத்திரை, துணியில் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்று சோதித்ததைத்தான் சொல்கிறது, விளைச்சலைப் பற்றி அல்ல. முத்திரையும் அதன் எண்ணும் இல்லாத 'இயற்கை'க்கு ஒரு காசு கூடுதலாகக் கொடுக்காதீர்கள். பல் முளைக்க உதவும் என்று விற்கும் அம்பர் மணிமாலையும் இந்த ரகம்தான். கழுத்தை இறுக்கும், அறுந்தால் மணி தொண்டையில் சிக்கும்.

இதைவிடக் கோபம் வருவது பிரசவ வார்டுக்கே வந்து பால் பவுடர் மாதிரியை இலவசமாகக் கையில் திணிப்பவர்கள் மீது. தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுக்கக்கூடாது என்று உலக சுகாதார அமைப்பின் விதித்தொகுப்பு 1981-லேயே சொல்லிவிட்டது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்தப் பை அழகான ரிப்பனோடு வருகிறது, பார்க்க வேண்டியவர்கள் பார்க்காமல் இருக்கிறார்கள். முதல் நாட்களில் இரண்டு மூன்று வேளை புட்டிப்பால் போனால் தாய்ப்பால் ஊறுவது அந்த அளவுக்குக் குறையும், அப்புறம் டப்பா டப்பாவாக வாங்க வேண்டியதுதான். தாய்ப்பாலைப்போலச் சிக்கனமானதும் குப்பை சேர்க்காததும் எதுவும் இல்லை, முதல் ஆறு மாதம் அது மட்டுமே போதும். மருத்துவர் பவுடர் தேவை என்று சொன்னால் தயங்காமல் கொடுங்கள், குற்றவுணர்வு வேண்டாம். ஆனால் பணத்தை மிச்சப்படுத்த தண்ணீரை அதிகமாக ஊற்றாதீர்கள். ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக டயப்பர். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மாற்ற வேண்டியிருக்கும், அதனால் மிச்சம் பிடிக்க உண்மையான இடம் இதுதான். சுற்றுச்சூழலுக்கு எது மேல் என்பது நீங்கள் துவைக்கும் விதத்தைப் பொறுத்தது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் கணக்குப் போட்டபோது, பிறந்ததிலிருந்து இரண்டரை வயது வரை, தூக்கிப் போடும் டயப்பருக்கு 550 கிலோ கரியமில வாயு, துணி டயப்பருக்கு 570 கிலோ என்று ஏறக்குறைய சமமாக வந்தது. மெஷின் நிறையப் போட்டுத் துவைத்து, கொடியில் காயவைத்து, அடுத்த குழந்தைக்கும் அதையே கட்டினால் துணியின் கணக்கு 40 சதவீதம் இறங்கியது. 90 டிகிரியில் துவைத்து உலர்த்தும் மெஷினில் போட்டால் 75 சதவீதம் ஏறியது. 2023-ல் பிரிட்டன் அரசுக்காக மறுபடி கணக்கிட்டபோது, தூக்கிப் போடும் டயப்பரைவிடத் துணிக்கு 25 சதவீதம் குறைவாக வந்தது. ஆக, 60 டிகிரி, நிறைந்த மெஷின், கொடி. துணி மிருதுவாக்கும் திரவத்தை மட்டும் ஊற்றாதீர்கள், இழைமேல் மெழுகுபோலப் படிந்து ஈரத்தை உறிஞ்சவிடாது.

கடைக்காரர் இருபத்துநான்கு அடங்கிய முழு செட்டைக் காட்டுவார். வேண்டாம். இரண்டு மாடலில் மும்மூன்று வாங்கி, பகலில் மட்டும் கட்டிப் பாருங்கள். தொடைப் பக்கம் ஒழுகாத மாடல் எது என்பது குழந்தைக்குக் குழந்தை மாறும். ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், அதில் மேலும் வாங்கிக்கொள்ளலாம், பழையது கிடைத்தாலும் சரிதான். இரவுக்குத் தூக்கிப் போடும் டயப்பரையே கட்டுங்கள், நீங்களும் கொஞ்சம் தூங்க வேண்டும்.