மொராக்கோ டிஏபியோடு மல்லுக்கட்ட முடியுமா?

"சின்னதாகக் கலப்பு உர யூனிட் நடத்துகிறேன். வெளிநாட்டுக் கம்பெனிகள் இத்தனை தூரம் கப்பலில் அனுப்பியும் எப்படிக் கட்டுபடியாகிறது? அதில் நான் எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) உரத்தை யார் செய்தாலும் 18-46 தான், அதாவது 18 சதவீதம் தழைச்சத்து, 46 சதவீதம் மணிச்சத்து. 'எங்கள் சரக்கு ஒசத்தி' என்று சொல்லிக்கொள்ள அதில் அதிகம் இடமில்லை. மூலப்பொருள் என்ன விலைக்குக் கைக்கு வருகிறது, அதை நகர்த்த என்ன ஆகிறது, அவ்வளவுதான் போட்டி.

மொராக்கோவின் அரசு உரக் கம்பெனியான ஓசிபியைப் பாருங்கள். டிஏபிக்கு மூலப்பொருளான பாஸ்பேட் பாறையின் உலக இருப்பில் சுமார் 70 சதவீதம் அவர்கள் பக்கம் இருக்கிறது, சரி. ஆனால் முன்பெல்லாம் கூரிப்கா சுரங்கத்தில் வெட்டிய பாறையைக் கழுவி, எரிபொருள் செலவழித்து உலர்த்தி, ரயிலில் ஏற்றி ஜோர்ஃப் லஸ்ஃபர் துறைமுக ஆலைக்குக் கொண்டுபோய், அங்கே டிஏபிக்கு வேண்டிய பாஸ்பாரிக் அமிலம் செய்ய மறுபடி தண்ணீரில் கரைப்பார்கள். காய வைத்ததே வீண்! 2014-ல் 187 கி.மீ. நீளத்துக்குக் குழாய் போட்டுவிட்டார்கள். பாறைத்தூள் கூழாகவே சரிவில் தன் பாட்டுக்கு இறங்கி ஆலைக்கு வந்துவிடுகிறது. உலர்த்தும் செலவும் மிச்சம், ரயில் வாடகையும் மிச்சம். பாறையோடு சேர்க்க வேண்டிய கந்தக அமிலத்தைக் கந்தகம் எரித்துச் செய்யும்போது வரும் சூட்டில் மின்சாரமும் எடுத்துக்கொள்கிறார்கள். கந்தகத்தையும் அம்மோனியாவையும் வெளியே வாங்க வேண்டியிருப்பதுதான் அவர்களுக்குத் தலைவலி.

யூரியாவில் எல்லாம் எரிவாயு விலைதான். எரிவாயுவிலிருந்து அம்மோனியா, அம்மோனியாவிலிருந்து யூரியா. அம்மோனியா செலவில் 70, 80 சதவீதம் அதற்கே போய்விடும். 1913-ல் உலகில் முதன்முதலாக ஆலை அளவில் அம்மோனியா செய்தது ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன். அங்கே 2023-ல் பிஏஎஸ்எஃப் என்ற ரசாயனக் கம்பெனி ஓர் அம்மோனியா ஆலையை மூடுவதாக அறிவித்தது. தொழில்நுட்பத்துக்கா பஞ்சம், எரிவாயு விலை ஏறிப்போனதுதான் காரணம். தூத்துக்குடியின் ஸ்பிக் உர ஆலை, நாப்தா என்ற பெட்ரோலியப் பொருளை விட்டு எரிவாயுவுக்கு மாறியதும் இதே கணக்கில்தான்.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். டிஏபி, பொட்டாஷ் எல்லாம் ஊரான் வைத்த விலைக்குத்தான் வாங்குகிறீர்கள், அதில் யாரையும் ஜெயிக்க முடியாது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். 10 டன் லாரியில் டிஏபி ஏற்றினால் 6.4 டன் சத்து போகிறது. மொத்தம் 30 சதவீதம் சத்துள்ள கலவையை ஏற்றினால் 3 டன்தான்; டீசலும் டிரைவர் படியும் மட்டும் குறைவதில்லை. அப்படியிருக்க நாலு மாவட்டம் தாண்டி ஏன் விற்க வேண்டும்? பக்கத்து வட்டாரத்தில், அங்கே உள்ள பயிருக்குத் தகுந்த கிரேடாக (சத்து விகிதமாக), அரசு அறிவித்த கிரேடுகளுக்குள் பார்த்து இறங்குங்கள். எடைக்காகச் சேர்க்கும் சத்தில்லாத நிரப்புப் பொருளைக் குறைத்துச் சத்தைக் கூட்ட முடிகிற கிரேடு என்றால் வாடகையில் நேராகத் தெரியும்.

அப்புறம், ஸ்டாக். விலை உச்சத்தில் இருக்கும்போது பயந்துபோய்க் குடோனை நிரப்பாதீர்கள். 2022-ல் ஏறிய உலக விலை அடுத்த வருஷமே சரிந்தது. வட்டிக்கு வாங்கிக் குவித்தவர் கையில் கட்டிதட்டிய மூட்டைதான் மிஞ்சும்.