மைக்ரோடோம் "கை வரவில்லை" என்றால் ஹிஸ்டாலஜியை விட்டுவிடலாமா?

கேள்வி இது: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு லேபில் மூன்று மாதமாக ஹிஸ்டாலஜி பயிற்சி, அதாவது மெழுகில் பதித்த டிஷ்யூவை (உடல் திசுவை) மைக்ரோடோம் என்ற மெஷினில் மெல்லிசாகச் சீவி ஸ்லைடாக்கும் வேலை. ஒரு நாள் ரிப்பன் (சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி வரும் பட்டை) அழகாக வருகிறது, மறுநாள் செக்ஷன் (ஒரு சீவல்) சுருங்குகிறது, கிழிகிறது, தண்ணீரில் சிதறுகிறது. சீனியர் "உனக்குக் கை வரவில்லை" என்கிறார். இரத்தப் பரிசோதனைத் துறையான ஹிமட்டாலஜிக்கு மாறிவிடலாமா?

மாறுவதைப் பற்றிப் பிறகு. அந்தக் "கை வரவில்லை" என்ற பேச்சைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். நாளுக்கு நாள் மாறுகிற கோளாறு கையில் இருக்க வாய்ப்பு குறைவு. கை சரியில்லை என்றால் தினமும் ஒரே மாதிரிதான் கெடும். ஒரு நாள் நல்லது, ஒரு நாள் கெட்டது என்றால் பிளாக்கை (டிஷ்யூ பதித்த மெழுகுக் கட்டியை) பாருங்கள், பிளேடைப் பாருங்கள், வாட்டர் பாத்தை (செக்ஷனை மிதக்கவிடும் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியை) பாருங்கள். (பயிற்சி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. சீனியர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

உங்கள் லேபில் இரவு முழுக்க ஓடும் மூடிய பிராசசர் (டிஷ்யூவை ஆல்கஹால், சைலீன், மெழுகு என்று வரிசையாக ஊறவைக்கும் மெஷின்), சக்கரம் சுற்றும் ரோட்டரி மைக்ரோடோம், தூக்கி எறியும் பிளேடு, விடிகாலையில் எம்பெடிங் (டிஷ்யூவை மெழுகில் பதிப்பது) என்ற வழக்கமான ஏற்பாடு என்று வைத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை போனதும் ஒன்று செய்யுங்கள். நன்றாக வெட்டும் என்று எல்லோருக்கும் தெரிந்த பழைய கன்ட்ரோல் பிளாக் ஒன்று, டான்சிலோ அப்பெண்டிக்ஸோ, எடுத்து உங்கள் மெஷினில் புது பிளேடு போட்டு 4 மைக்ரானில் வெட்டுங்கள். அது ஒழுங்காக வந்தால் கையும் மெஷினும் சரி, தகராறு அன்றைய பிளாக்கிலோ வாட்டர் பாத்திலோ. அதுவும் வராவிட்டால் அதே பிளாக்கைப் பக்கத்து மெஷினில் நீங்களே வெட்டிப் பாருங்கள். அங்கே வந்தால் உங்கள் மெஷினில் ஏதோ தளர்ந்திருக்கிறது. இரண்டிலும் வராவிட்டால் மட்டும் கையைப் பற்றிப் பேசலாம்.

பிளாக் ஏன் கெடுகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டரிலேயே தொடங்கிவிடுகிறது. டிஷ்யூவின் கன அளவைப்போல் குறைந்தது 10 மடங்கு, முடிந்தால் 20 மடங்கு, டிஷ்யூவை அழுகாமல் காக்கும் ஃபார்மலின் வேண்டும். வந்து சேர்வதோ குறுகிய வாய் பாட்டிலில் ஊறுகாய் மாதிரி அடைத்த கர்ப்பப்பை, மேலே இரண்டு விரல் உயரம் திரவம். ஃபார்மலின் மணிக்குச் சுமார் 1 மி.மீ. உள்ளே போகும் என்பது புத்தகக் கணக்கு. ஆனால் உள்ளே போவது வேறு, புரோட்டீனோடு பிணைந்து டிஷ்யூ கெட்டிப்படுவது வேறு. இரண்டாவதற்கு இன்னும் பல மணி நேரம் வேண்டும். மார்பகத் துண்டுகளுக்கு 6 முதல் 72 மணி நேரம் என்று வரம்பு வைத்திருப்பது இதனால்தான். அதற்குள் இல்லாவிட்டால் புற்றுநோய் சிகிச்சையைத் தீர்மானிக்கும் ஹார்மோன் ரிசெப்டர், ஹெர்2 ஸ்டெயின்களை (சாயச் சோதனைகளை) நம்ப முடியாது. ஃபிக்ஸ் ஆகாத (ஃபார்மலினில் கெட்டிப்படாத) நடுப்பகுதி பிராசசரில் ஆல்கஹாலில்தான் கெட்டிப்படும். ஓரம் ஒரு மாதிரி, நடு ஒரு மாதிரி வெட்டும். அந்த வித்தியாசத்தை எந்தக் கையாலும் சரிக்கட்ட முடியாது.

ஃபார்மலினை லேபிலேயே கலக்கிறார்கள் என்றால் ஒரு லிட்டருக்கு 100 மி.லி. கெட்டி ஃபார்மலின், 900 மி.லி. தண்ணீர், சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். பஃபர் உப்பைப் போடாமல் விட்டால் அமிலமாகி, இரத்தம் நிறைந்த இடங்களில் கரும்பழுப்புப் பொடியாக ஃபார்மலின் பிக்மென்ட் படியும். மலேரியா பிக்மென்டும் பார்க்க ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், போலரைசர் (ஒளியை வடிகட்டும் கண்ணாடி) வைத்துப் பார்த்தாலும் அதுவும் மின்னும். மலேரியா உள்ள மொசாம்பிக் பக்கம் போய்வந்த நோயாளி என்றால் இது சின்ன விஷயமில்லை.

அடுத்து, கேசட்டில் (துளையிட்ட சிறு பிளாஸ்டிக் பெட்டியில்) வைக்கும் துண்டின் தடிமன். 3 மி.மீ., அதிகம் போனால் 4. கேசட் மூடி டிஷ்யூவை அமுக்கி, துளைகளின் அச்சு அதன் மேல் விழுந்திருந்தால் அது தடிமன் அதிகம், சந்தேகமே வேண்டாம். கொழுப்பு நிறைந்த மார்பகத் துண்டு தடிமனாக இருந்தால் ஆல்கஹால் தண்ணீரை முழுக்க எடுக்காது, சைலீன் கொழுப்பை முழுக்க எடுக்காது, மெழுகு உள்ளே போகாது. காலையில் பிளாக்கைத் தொட்டால் நடுவில் பஞ்சு மாதிரி இருக்கும், பிளாக் ஆறியதும் அந்த இடம் குழிந்திருக்கும். வெட்டினால் நடுவில் ஓட்டை. அதை மேலும் மேலும் ஐஸில் வைப்பதில் பயனில்லை. மெழுகை உருக்கி, துடைத்து, சைலீன் வழியாக அப்சல்யூட் ஆல்கஹால் வரை திரும்பக் கொண்டுபோய், மறுபடி பிராசஸ் செய்ய வேண்டும்.

இதற்கு நேர் எதிரானது வயிற்று எண்டாஸ்கோப்பி பயாப்சி மாதிரி சின்னத் துண்டு. பெரிய துண்டுகளோடு சேர்த்து 12 மணி நேர புரோகிராமில் போட்டால் காய்ந்த வடகம் மாதிரி நொறுங்கும். செக்ஷனில் ஜன்னல் பிளைண்ட் போல மெல்லிய இணைகோடுகள் விழும். பயாப்சிக்குத் தனியாகக் குறுகிய புரோகிராம் ஓட்டுவதுதான் மருந்து. இல்லையென்றால் டிரிம் செய்ததும் (மேல் மெழுகைச் சீவி டிஷ்யூவைத் திறந்ததும்) பிளாக்கின் முகத்தை ஐஸ் தண்ணீரில் சில நிமிஷம் நனையவிட்டு, மெதுவாக வெட்டுங்கள். நகம், தடித்த பாதத்தோல் வந்தால் வீட்டில் துணிக்கு ஊற்றும் ஸ்டா-சாஃப்ட் மாதிரி திரவத்தைத் தண்ணீரில் கலந்து அதில் ஊற வைப்பார்கள். சிரிக்க வேண்டாம், வேலை செய்கிறது. எதில் ஊறவைத்தாலும் முதல் ஒன்றிரண்டு செக்ஷனைத் தள்ளுங்கள். பிளாக் வீங்கியிருக்கும், சூடேறி விரியவும் செய்யும், மெஷின் 4 காட்டினாலும் வருவது அதைவிடத் தடியாகத்தான் இருக்கும்.

இப்போது உங்கள் மேசைக்கு வருவோம். ரிப்பன் ஒரு பக்கமாக வளைந்தால் பிளாக்கின் மேல் கீழ் ஓரங்கள் இணையாக இல்லை, ஓரத்தைச் சீவுங்கள். ஒரு செக்ஷன் தடி, ஒரு செக்ஷன் மெல்லிசு என்றால் ஏதோ ஒரு கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. பிளேடு பிடி, கேசட் பிடி, பிளேடு ஹோல்டரின் அடிப்பகுதி, மூன்றையும் இறுக்குங்கள். அப்படியும் போகாவிட்டால் பிளேடின் சாய்வை ஒரு டிகிரி மட்டும் மாற்றுங்கள். நாலைந்து டிகிரி தாவினால் எது சரி என்றே தெரியாமல் போகும். நெடுக்காக ஒரே இடத்தில் கோடு விழுந்தால் பிளேடில் பல் (முனையில் சிறு உடைவு). பிளேடை நகர்த்தியும் கோடு அதே இடத்தில் விழுந்தால் டிஷ்யூவுக்குள் கால்சியமோ தையல் நூலோ ஸ்டேபிளோ இருக்கிறது. டிரிம் செய்த இடத்திலேயே கடைசி செக்ஷனையும் வெட்டாதீர்கள். டிரிம்முக்கு பிளேடின் ஒரு ஓரம், செக்ஷனுக்குப் புது இடம். டிரிம்மும் மரம் இழைப்பதுபோல் 30 மைக்ரானில் கடைசிவரை இழுக்கக் கூடாது. டிஷ்யூ பிய்ந்து துளைகள் விழும். முழு முகம் தெரியப்போகும்போது 10க்குக் குறைத்து, பிறகு ஐஸில் வைத்துத்தான் 4க்கு வர வேண்டும்.

வாட்டர் பாத்தை யாரும் சீண்டுவதில்லை, பாதிக் குழப்பம் அங்கேதான். மெழுகு 56–58 டிகிரியில் உருகும் வகை என்றால் தண்ணீர் 45 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். டிஸ்ப்ளே காட்டுவதை நம்பாமல் தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் குளிர்ந்திருந்தால் சுருக்கம் விரியாது. சூடு அதிகம் என்றால் செக்ஷன் சிதறும். பிராசஸ் சரியாக ஆகாத டிஷ்யூவும் சிதறும். பிரித்தறிய எளிய வழி உண்டு: அன்றைக்கு எல்லா பிளாக்கும் சிதறினால் தண்ணீர், ஒரு பிளாக் மட்டும் சிதறினால் பிராசசிங். ஒவ்வொரு பிளாக்குக்குப் பிறகும் தண்ணீரின் மேற்பரப்பை டிஷ்யூ பேப்பரால் இழுத்துத் துடையுங்கள். முந்தைய நோயாளியின் ஒரு துணுக்கு மிதந்துவந்து அடுத்தவரின் ஸ்லைடில் ஒட்டினால் அவர் பெயரில் புற்றுநோய் எழுதப்படலாம். காசநோய் இவ்வளவு இருக்கிற நாட்டில் இன்னொன்றும் உண்டு: குழாய்த் தண்ணீரில் வாழும், காசநோய்க் கிருமியின் இனமான மைக்கோபாக்டீரியா பாத்திலிருந்து ஸ்லைடில் ஏறினால், காசநோய்க் கிருமியைச் சிவப்பாகக் காட்டும் சீல்-நீல்சன் ஸ்டெயினில் அதுவும் சிவப்பாகத்தான் நிற்கும். பாத்தை தினமும் காலி செய்து கழுவிக் காயவைத்து, காலையில் புது டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள்.

நம் ஊர்ச் சமாச்சாரம் ஒன்று. டர்பன் பிப்ரவரிப் புழுக்கத்தில் பிளாக் ஐஸை விட்டு எடுத்த சில நொடியில் இளகிவிடும், செக்ஷன் நசுங்கிக் குறுகும். ஒரே தடவையில் பத்து பிளாக் ஐஸிலிருந்து எடுத்து வரிசை வைக்காதீர்கள், ஒவ்வொன்றாக எடுங்கள். ஜொஹானஸ்பர்க் குளிர்காலத்தில் பிரச்சினை தலைகீழ். வறண்ட காற்றில் நிலைமின்சாரம் ஏறி, ரிப்பன் பிளேடிலும் விரலிலும் ஒட்டிக்கொள்ளும். அங்கே பழகியவர் இங்கே வந்து கற்றுத்தருகிற உத்தி, பிளாக்குக்குப் பக்கத்தில் ஈரத்துணி வைப்பது, இங்கே தேவையில்லை.

லோட் ஷெடிங்கில் பிராசசர் நின்றால் எந்த ஸ்டேஷனில் நின்றது என்று முதலில் பாருங்கள். 2022, 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இதைக் குறிக்காமல் விட்டுப் பிறகு மண்டையைக் குடைந்த லேப்கள் உண்டு. ஃபார்மலினில் நின்றால் கவலையில்லை. அப்சல்யூட் ஆல்கஹாலிலோ சைலீனிலோ மணிக்கணக்கில் நின்றால் டிஷ்யூ கெட்டிப்படும், அதை பிளாக் சீட்டில் எழுதினால்தான் வெட்டுபவர் பழி சுமக்க மாட்டார். அதேபோல் 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கம் குழாயே வறண்டது போன்ற நாள் வந்தால், செல்லின் கருவுக்குச் சாயமேற்றும் ஹிமடாக்சிலினை நீலமாக்க ஓடும் தண்ணீரை நம்ப முடியாது. லிட்டருக்கு சோடியம் பைகார்பனேட் 3.5 கிராம், மக்னீசியம் சல்பேட் 20 கிராம் என்று ஸ்காட் கரைசல் கலந்து வைத்திருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களுக்கு மன்னிப்பே கிடையாது: ஸ்லைடுகளுக்கு முன்கூட்டியே நம்பர் எழுதி அடுக்கிவைப்பது. ஒரு நேரத்தில் ஒரு பிளாக், அதற்கு ஒரு ஸ்லைடு, வெட்டும்போதே நம்பர், பிளாக் நம்பரோடு ஒப்பிட்டபின் தண்ணீரிலிருந்து எடுப்பது. சுருக்கம் விழுந்த செக்ஷனை மறுபடி வெட்டலாம். ஆள் மாறிய செக்ஷனை யாரும் கண்டுபிடிக்கக்கூட மாட்டார்கள். கைக்காவலும் அப்படித்தான். பிளாக்கைத் தொடும் முன் சக்கரத்தைப் பூட்டி, பிளேடு மேல் காப்பை மூடுங்கள். கழற்றிய பிளேடை மேசையில் வைக்காமல் நேரே டப்பாவில் போடுங்கள். சைலீனுக்கு லேடெக்ஸ் கையுறை காவலே இல்லை, மெல்லிய நைட்ரைலும் சில நிமிஷம்தான் தாங்கும், நனைந்தால் உடனே மாற்றுங்கள். ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில், உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி. வைத்திருக்கிறது. "எனக்கு வாசனை பழகிவிட்டது" என்று பெருமை பேசுகிறவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள்.

பழி என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். புரட்டாசி வந்தால் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பாத்திரம் பண்டத்தைக்கூடப் பிரித்து வைக்கிற வீடுகளில், "சதையை வெட்டிவிட்டு இப்படியே சாமி அறைக்குள் போவாயா" என்று ஆயாக்களும் பெரியம்மாக்களும் கேட்பார்கள். அதே பெரியம்மா வீட்டில் யாருக்காவது கட்டி என்றால், இரவு பத்து மணிக்கு போன் வரும், "ரிப்போர்ட்டைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்று. சொல்லக் கூடாது. நோயைப் படித்து எழுதுபவர் பேத்தாலஜிஸ்ட், நோயாளியிடம் சொல்பவர் அவருடைய டாக்டர். இதில் ஒரு தடவை இளகினால் உங்கள் பதிவுக்கே ஆபத்து. அவர்கள் கோபித்துக்கொள்வார்கள், அடுத்த காவடிக்குள் சரியாகிவிடும்.

இனி, மாறலாமா என்பது. ஹிமட்டாலஜியில் அனலைசர் நம்பர் தரும், நீங்கள் சரிபார்ப்பீர்கள், சந்தேகமானதை ஸ்மியரில் (கண்ணாடியில் தேய்த்த இரத்தத்தில்) பார்ப்பீர்கள். வேகம் பிடிக்கும், இரவு ஷிப்ட் பழகும் என்றால் அது நல்ல வேலை. ஹிஸ்டாலஜியில் பெரும்பாலான லேப்களில் இரவு ஷிப்ட் குறைவு, பதிலுக்கு விடியுமுன் எம்பெடிங்குக்கு நிற்க வேண்டும், சில வருஷத்தில் மணிக்கட்டும் கட்டைவிரலும் பேசத் தொடங்கும். மெஷின் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் என்று பயமுறுத்துவார்கள். சாயமிடும் ஸ்டெயினரும் ஸ்லைடை மூடும் கவர்ஸ்லிப்பரும் ஸ்கேனரும் வந்தாயிற்று, ஆனால் ஸ்கேனர் படம் எடுப்பதற்கும், கபோசி சார்கோமா என்ற புற்றுநோய்க்கு எச்.எச்.வி-8 வைரஸ் ஸ்டெயின் போடுவதற்கும் ஒருவர் வெட்டிய செக்ஷன் வேண்டும். தடிமனிலும் மடிப்பிலும் உள்ள குறை ஸ்கேனரில் இன்னும் பெரிதாகத் தெரியும்.

பேப்பர் விஷயத்தை மட்டும் அசட்டையாக விடாதீர்கள். சுகாதாரப் பணியாளர்களைப் பதிவுசெய்யும் எச்.பி.சி.எஸ்.ஏ. பதிவேட்டில் மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட், டெக்னீஷியன், லேப் அசிஸ்டன்ட் என்று தனித்தனிப் பிரிவுகள். எந்தப் பிரிவில் இருக்கிறீர்களோ அதற்குள்தான் வேலையும் சம்பளமும், அரசு லேப் அமைப்பான என்.எச்.எல்.எஸ். ஆனாலும் தனியார் லேப் ஆனாலும். மூன்று மாதக் கடுப்பில் துறை மாற்றக் கடிதம் கொடுக்கும் முன், இதுவரை செய்த பயிற்சி புதுத் துறையில் கணக்கில் வருமா, லாக் புக் முதலிலிருந்தா, தேர்வு தள்ளிப்போகுமா என்று உங்கள் பயிற்சி அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு பதில் வேண்டாம். அது வந்து சேர்வதற்குள் அந்தக் கன்ட்ரோல் பிளாக்கை வெட்டிப் பார்த்திருப்பீர்கள். கோளாறு எந்த பிளாக்கில், எந்த நாளில், எந்த பிராசசர் ரன்னில் என்று ஒரு நோட்டில் இரண்டு வாரம் குறியுங்கள், அந்த நோட்டை சீனியர் முன்னால் வையுங்கள்.